தூங்கிக் கொடுத்தவர்

அந்தக் குடியிருப்பில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது. புதிதாக வரும் குடும்பங்களுக்கு வீட்டுச் சாவியைக் கையில் தரும்போதே சொல்லிவிடும் விதி அது. நீலகிரிச் சரிவில் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே வரிசையாக நின்ற ராணுவ அதிகாரிகளின் வீடுகளில் பகல் இரண்டு மணி வரை திரைகள் விலகுவதில்லை. கதவுக் கைப்பிடியில் தொங்கும் பையில் பால் பாக்கெட் அதுவரை அப்படியே கிடக்கும். பிள்ளைகள் ஷட்டில் ஆடுவார்கள், ஆனால் கத்த மாட்டார்கள். பாயின்ட் எடுத்தவன் கையை மட்டும் உயர்த்துவான். காலையில் ஊதும் பியூகிளைக்கூட மைதானத்தின் கடைசி மூலைக்குத் தள்ளி வைத்து வெகுகாலம் ஆகிறது. உள்ளே படுத்திருப்பவர்கள் யாரும் தங்களுக்காக மட்டும் தூங்கவில்லை.

அதிகாரி கடைசியில் சாப்பிட வேண்டும், கடைசியில் படுக்க வேண்டும் என்பது ராணுவத்தின் பழைய மரபு. தன் ஆட்கள் விழித்திருக்கும்போது தூங்குகிறவரை யாரும் மதிப்பதில்லை. எனவே ஒருவர் தூக்கத்தை இன்னொருவர் தூங்கிக் கொடுக்கலாம் என்று மருத்துவப் பிரிவு கண்டுபிடித்தபோது, அது விபரீதமாகத் தோன்றவில்லை. மரபுக்கு ஒரு கருவி கிடைத்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். இருவர் மணிக்கட்டிலும் ஒவ்வொரு பட்டை. ஒருவர் பதினாறு மணி நேரம் தூங்கினால் மற்றவர் நாள் முழுக்க விழித்திருக்கலாம். பல வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு இடையில்தான் பட்டை ஒழுங்காக வேலை செய்தது. ஆகவே கர்னல் பதவியிலும் அதற்கு மேலும் இருந்த ஆண்களுக்கு அவர்கள் மனைவிகள் தூங்கினார்கள். அரசுத் தாள்களில் அவர்களுக்கு 'உறக்க இணை' என்று பெயர்.

மேஜர் ஜெனரல் ஹெப்சிபாவுக்கு அவர் கணவர் ஞானதுரை தூங்கினார்.

சிக்னல்ஸ் பிரிவில் லெப்டினன்டாகச் சேர்ந்த காலத்தில், பெண் அதிகாரிக்குத் தனிக் கழிப்பறை இல்லாததால் ஹெப்சிபா பகலில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார். ஜவான்கள் ஒரு பெண்ணின் உத்தரவுக்குக் கீழ்ப்படிவார்களா என்று மேலிடம் கேட்டது. மேஜரானபோதும், கர்னலானபோதும் அதே கேள்விதான், சற்று மரியாதையான சொற்களில். ஜவான்கள் அந்தக் கேள்வியை எழுப்பவில்லை. பெண் அதிகாரியை எப்படி விளிப்பது என்று வழக்கம் எதுவும் சொல்லாததால் அவர்கள் 'சார்' என்று கூப்பிட்டார்கள். அவரும் திருத்தவில்லை.

அவர் கர்னலாக இருந்தபோது பட்டை வந்தது. கூட இருந்த ஆண்கள் இரவும் பகலும் வேலை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஏழு மணி நேரம் தூங்கியபடி அவர்களோடு போட்டியிட முடியாது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்துக்கொண்டிருந்த ஞானதுரை, மனைவி கேட்பதற்கு முன்பே கையை நீட்டினார். "தவளைய அறுத்து அறுத்து எனக்கும் சலிச்சுப்போச்சு. படுத்துக் கிடக்க ஒரு உத்தியோகம்னா கசக்குமா?" என்றார்.

அது பதினோரு வருடங்களுக்கு முன்பு. அதன் பிறகு ஞானதுரை காலை வெயிலைப் பார்த்ததில்லை. அவருடைய நாள் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. விருந்துகளில் மனைவிமார் கூட்டத்தில் ஒரே ஆணாக, கையில் எலுமிச்சைச் சாற்றோடு நிற்பார். "மேடம் எப்ப சார் தூங்குவாங்க?" என்று இளம் கேப்டன்கள் கண்ணடித்துக் கேட்பார்கள். "இப்பத்தான் தூங்கி எந்திரிச்சு வாரேன்" என்பார் இவர். மகள் ஷெர்லின் பன்னிரண்டு வயதிலிருந்து வீட்டுக்குள் கிசுகிசுத்தே வளர்ந்தாள். இப்போது புனேயில் வேலை பார்க்கிறாள். போனிலும் அவள் குரல் உயர்வதில்லை.

ஹெப்சிபாவின் பெயர் இப்போது லெப்டினன்ட் ஜெனரல் பதவிக்கு முடிவாகியிருந்தது. எல்லையில் ஒரு படையணியின் தலைமை. அதுவரை எந்தப் பெண்ணும் உட்காராத நாற்காலி. உறக்க இணை இல்லாதவர் அதில் உட்கார முடியாது. அதற்கு முன் ஒரு சிறிய வேலை மட்டும் பாக்கியிருந்தது. தூங்கிக் கொடுப்பவர்களில் சிலர் புகார் எழுதியிருந்தார்கள். அதை விசாரிக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். புகாரில் உண்மையில்லை என்று அவர் கையெழுத்திட்டால், திட்டம் ஜவான்களுக்கும் விரியும். லட்சக்கணக்கான வீடுகளில் திரைகள் இறங்கும்.

களைப்பாக இருந்தது. தூக்கம் பல வருடங்களாக வந்ததில்லை, களைப்பு மட்டும் இருந்தது. மருத்துவச் சோதனைகளில் அது தெரிவதுமில்லை.

*

சாட்சிகள் எழுந்து குளித்து வர வேண்டும் என்பதால் விசாரணை மூன்று மணிக்கு மேல்தான் நடந்தது. கடைசிச் சாட்சி பூங்கோதை. ஒரு பிரிகேடியரின் மனைவி, பெருந்துறைக்காரர். தலையில் ஈரம் காயாமல் வந்தார்.

"உட்காருங்க" என்றார் ஹெப்சிபா.

"உக்கார்றேனுங்க. நிக்கற பழக்கமே உட்டுப்போச்சு. நாளெல்லாம் படுக்கறவதானுங்களே."

குழுவில் மருத்துவ உறுப்பினராக இருந்த கர்னல் தணிகைவேல் சிரிக்காமல் தாளைப் புரட்டினார். பட்டையை உருவாக்கிய அணியில் இருந்த டாக்டர் அவர். "நீங்க கனவைப் பத்தி எழுதியிருக்கீங்க. கனவு எல்லாருக்கும் வரும்."

"வருமுங்க டாக்டர். எனக்கும் முந்தியெல்லாம் பஸ்ஸ உட்டுட்ட மாதிரி வரும், எங்கம்மா வையற மாதிரி வரும். இப்ப அதெல்லாம் வர்றதில்லீங்க. ஒரு ஆத்துப் பாலம் வருது. அதுமேல பச்ச ஸ்வெட்டர் போட்டுட்டு ஒரு பையன் நிக்கறான். கைப்பட்டன் ஒண்ணு பிஞ்சிருக்குது. நான் அவன 'நில்லு'ன்னு இந்தியில கத்தறேன். எனக்கு இந்தி தெரியாதுங்க."

"உங்க கணவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். குடிச்சிட்டிருந்த காப்பிய வெச்சுட்டு எந்திரிச்சுப் போனாரு. ஒரு வாரம் எங்கூடப் பேசலீங்க. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், அப்படியொரு பையன் இருந்திருக்கான்னு."

தணிகைவேல் பொறுமையாக விளக்கினார். "தூக்கம்ங்கிறது மூளையைச் சுத்தம் பண்ற வேலை. அதைத்தான் நாங்க இன்னொரு மூளைக்கு மாத்துறோம். அழுக்குத் துணியை வெளியில வெளுக்கப் போடுற மாதிரி. துணி சுத்தமாத் திரும்பி வருது. அவ்வளவுதான். அதோட நினைவெல்லாம் போகாது."

"துவைக்கறவ கைக்குச் சட்டைப்பைல என்ன இருந்ததுன்னு தெரியாமயா போயிரும்?"

பூங்கோதை இப்போது ஹெப்சிபாவைப் பார்த்துப் பேசினார்.

"நாங்க சாயங்காலம் ஒண்ணாச் சேந்து காப்பி குடிப்போமுங்க மேடம். ஒருத்தி பனிங்கறா. ஒருத்தி சுரங்கங்கறா. இந்த நாடு போட்ட சண்ட பூராவும் எங்க டேபிள்ல இருக்குதுங்க. போட்டவிங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல. நல்லாத் தூங்கி எந்திரிச்சவிங்களாட்ட அடுத்த சண்டைக்குக் கெளம்பிர்றாங்க. எங்க ஊட்டுக்காரரு முந்தி அப்படி இல்லீங்க. ஒரு ஆளு செத்தா ஒரு மாசம் சோறு எறங்காது. இப்ப அன்னைக்கு ராத்திரியே ரெண்டு தோசை சேத்தித் திங்கறாரு. அது எனக்கு பயமா இருக்குதுங்க."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"ரெண்டு இருக்குதுங்க. களையெடுக்கப் போறவ, மாடு கறக்கறவ, அவளெல்லாம் எப்பங்க பதினாறு மணி நேரம் படுப்பா? அத யோசிங்க. அப்பறம்..." என்று எழுந்துகொண்டார். "உங்க ஊட்டுக்காரரக் கேட்டீங்களா மேடம்?"

"இங்க கேள்வி கேக்கறது நாங்க" என்றார் தணிகைவேல்.

"இல்லை, கேட்டதில்லை" என்றார் ஹெப்சிபா.

*

வீட்டுக்குப் போனபோது ஞானதுரை சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு இன்னும் மறையவில்லை.

"என்ன, சூரியன் இருக்கையிலேயே வந்துட்டே?"

"அத்தான், ஒண்ணு கேக்கணும்."

"அத்தான்னு ஆரம்பிச்சா விஷயம் பெருசு. எப்பவும் 'இங்க பாருங்க'ன்னுல்லா சொல்லுவே."

"தூங்கும்போது உங்களுக்குக் கனவு வருதா?"

சர்க்கரையைக் கலக்கிய கரண்டி ஒரு சுற்று நின்றது. பிறகு முன்போலவே சுற்றியது.

"வருதே. நேத்து நம்ம காலேஜ் லேபு. டப்பாவுல கெடந்த தவளையெல்லாம் எந்திரிச்சு வரிசையா உக்காந்து எங்கிட்ட வைவா கேக்கு. ஒரு கேள்விக்கும் பதில் தெரியல. ஃபெயிலாக்கிட்டு."

ஹெப்சிபா சிரித்துவிட்டார். "வேற?"

"வேற என்ன? கமிட்டிக்கு என்னையும் கூப்பிடப் போறியா? சொல்லிரு. சட்டைய இஸ்திரி போடணும்."

"பூங்கோதைன்னு ஒரு அம்மா வந்து..."

"தெரியும்லா. நல்ல பொம்பள. அவ போடுத காப்பி மட்டும் வாயில வைக்க வெளங்காது." டீயை நீட்டினார். "இங்க பாரு ஹெப்சி. நான் இத்தன வருஷமா படுத்துக் கெடக்கது ஒனக்கு அந்த நாற்காலி வரணும்னுதான். அதுல போயி உக்காரு. பொறவு மத்ததப் பேசலாம்."

டீயைக் குடித்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. கேட்டாகிவிட்டது, பதிலும் கிடைத்துவிட்டது. நாளை பதினோரு மணிக்குக் கையெழுத்திட்டுவிடலாம்.

அவருக்கே ஒரு காலத்தில் கனவு வந்ததுண்டு. மேஜராக இருந்தபோது பனிமலைத் தொடரில் அவருடைய கம்பெனியின் தகவல் தொடர்பு முகாம் ஒன்றின்மேல் பனிச்சரிவு விழுந்தது. முகாமில் இருந்த ஐந்து பேரை மாற்ற வேண்டிய குழுவை, வானிலை சரியில்லை என்று ஒருநாள் நிறுத்தி வைத்தது அவர்தான். முடிவு சரியானது என்று விசாரணை சொன்னது. குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். குற்றம் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை தூங்கியிருப்பார்.

தோண்டி முடித்த பிறகு அங்கேயே ஹெப்சிபா பெயர் வாசித்தார். எந்தப் பெயரும் பதிலில்லாமல் போகக் கூடாது என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். இறந்தவன் பெயர் வரும்போது அவனோடு கூடாரத்தில் படுத்த தோழன் 'ஆஜர், சார்' என்பான். அதற்குப் பிறகுதான் பெயரை அடிப்பார்கள். கடைசியில், வாசிக்கும் அதிகாரி தன் பெயரையும் வாசித்துத் தானே ஆஜர் சொல்ல வேண்டும். நாயக் தாமோதரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் ஷிண்டே என்ற சிப்பாய். முதல் நாள் மலையிறங்கியதால் உயிர் பிழைத்தவன். குளிரில் அவனுக்குத் தொண்டை அடைத்திருந்தது. 'ஆ' என்றான், குரல் வரவில்லை, எச்சிலை விழுங்கிவிட்டு 'ஜர்' என்றான். ஐந்து பெயர்களும் முடிந்ததும் ஹெப்சிபா தாளை மடித்துவிட்டார். தன் பெயரை வாசிக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சொல்லவில்லை.

அந்த 'ஆ'வுக்கும் 'ஜரு'க்கும் நடுவிலிருந்த இடைவெளி வருடக்கணக்காகக் கனவில் வந்தது. கணவரிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை. கர்னலான பிறகு மறைந்துபோனது. காலம் ஆற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கனவு நின்றதும் பட்டை கட்டியதும் ஒரே மாதத்தில் நடந்தவை என்பதை அவர் ஒருபோதும் சேர்த்துப் பார்க்கவில்லை.

*

மறுநாள் பத்து மணிக்கு, மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டதால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்து எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. இணைகளில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் அந்த அறைக்குள் போகக் கூடாது. பட்டைகள் குழம்பிவிடும் என்பது விதி. ஆகவே பட்டை கட்டிய பிறகு கணவர் தூங்குவதை அவர் பார்த்ததே இல்லை.

தூங்கும் அறைக்குக் கனத்த கதவு. அந்த வருட மழையில் மரம் உப்பி, கதவு முழுதாக மூடிக்கொள்ளவில்லை. ஒரு விரல் அளவுக்கு இடைவெளி இருந்தது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்தவர் நின்றுவிட்டார்.

உள்ளே ஞானதுரையின் குரல். "ஆ..." என்றது. எச்சில் விழுங்கும் ஓசை. "...ஜர், சார்."

ஹெப்சிபா கதவைத் தள்ளி உள்ளே போனார். ஞானதுரை மல்லாந்து கிடந்தார். முகம் வேர்த்திருந்தது. கைகள் இரண்டும் போர்வைக்கு வெளியே, பனியைத் தோண்டியவனுடையவை போல விரல்கள் மடங்கியிருந்தன. முப்பது வருட ராணுவப் பழக்கம் அப்போதும் அவரை விடவில்லை. எதையும் சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும். கட்டிலருகே நிமிர்ந்து நின்று மெல்லிய குரலில் வாசித்தார்.

"ஹவில்தார் குர்பச்சன்."

"ஆஜர், சார்." குரல் முரட்டுத்தனமாக, அவசரமாக வந்தது. குர்பச்சனின் தோழன் அப்படித்தான் சொன்னான், எப்போதடா முடியும் என்பது போல.

"நாயக் தாமோதரன்."

"ஆ... ஜர், சார்."

"சிப்பாய் தோர்ஜே."

"ஆஜர், சார்."

"சிப்பாய் பிஷ்ட்."

"ஆஜர், சார்."

"சிப்பாய் மாரிச்செல்வம்."

இதற்குப் பதில் வரச் சற்று நேரம் ஆயிற்று. அன்றும் அப்படித்தான் ஆனது. மாரிச்செல்வத்தின் தோழன் அழுதுகொண்டிருந்தான். "ஆஜர், சார்" என்றார் ஞானதுரை. மூடிய கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது.

ஹெப்சிபா சீருடை கசங்கத் தரையில் உட்கார்ந்தார். பதினோரு மணிக்குச் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பிறகு பல தடவை அதிர்ந்தது.

*

இரண்டு மணிக்கு ஞானதுரை கண் விழித்தார்.

"என்ன ஹெப்சி? ஆடு களவாண்டவ மாதிரி முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. ரூல் தெரியாதா?"

"ஷிண்டேக்குத் தொண்டை கட்டியிருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஞானதுரை எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மறுக்கவில்லை. "மொதல் மாசத்துல இருந்தே வாரானுவ."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பட்டையக் கழத்திருவே. கழத்தியிருந்தா கர்னலோட நின்னுருப்பே. பொம்பளைக்கு இவ்வளவுதான்னு ஒவ்வொருத்தனும் பேசியிருப்பான்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொறவு பொறவு எனக்கும் பழகிப்போச்சு. பயம்லாம் இல்ல. மாரிச்செல்வம் நல்லா பாடுவான் தெரியுமா?"

"பாடுவானா?" என்று கேட்ட பிறகுதான் ஹெப்சிபாவுக்கு நினைவு வந்தது. பாடுவான். தகவல் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு கீழ் முகாமுக்கும் கேட்கப் பாடுவான். அதற்காக அவனை அவரே ஒருமுறை கண்டித்திருக்கிறார். முற்றிலும் மறந்துபோயிருந்தது.

"நேத்து சொன்ன தவளைக் கனவு?"

"அது காலேஜ்ல இருக்கையில வந்தது. எனக்குன்னு கடேசியா வந்த கனவு. சொல்லிச் சொல்லித் தேஞ்சுபோச்சு."

வெளியே யாரோ ஒரு குழந்தை பாயின்ட் எடுத்துவிட்டுக் கையை உயர்த்தியது திரையின் விளிம்பில் தெரிந்தது.

"நான் இன்னைக்குக் கையெழுத்துப் போட இருந்தேன் அத்தான்."

"இப்பமும் போடலாம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"மாரிச்செல்வத்துக்கு ஒரு பொண்டாட்டி இருந்தா. சங்கரன்கோயில் பக்கம். தீப்பெட்டி ஒட்டுவா. அவன் இருந்து, இந்தத் திட்டமும் இருந்திருந்தா, அவளையும் படுக்க வச்சிருப்பாங்க. என் கையெழுத்துல."

ஞானதுரை மனைவியின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாற்காலி போயிரும் ஹெப்சி" என்றார் கடைசியில். இத்தனை வருடம் தூங்கிய மனிதரின் குரல் போலவே இல்லை, அவ்வளவு அசதி.

"போகட்டும். எனக்கு ஒரே அலுப்பா இருக்கு."

போனை எடுத்து தணிகைவேலைக் கூப்பிட்டார்.

"மேடம், எல்லாரும் காத்திருந்து..."

"டாக்டர், நான் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்துக்கறேன். சாட்சியே தலைவரா இருக்க முடியாது. எனக்கு ஒரு சாட்சி நாற்காலி போடுங்க."

"உங்க இணையைப் பிரிக்க வேண்டி வரும். பிரிச்சா அந்தப் பதவி..."

"தெரியும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தூங்கற அறைக்குள்ள போகக் கூடாதுன்னு விதி எழுதுனது நீங்கதானே? பட்டை குழம்பும்ங்கிறது உண்மையா?"

மறுமுனையில் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது.

"இல்ல மேடம். ரெண்டாவது வருஷமே எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. யாரும் பக்கத்துல இருந்து கேக்க வேண்டாம்னுதான்..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க வீட்டுலயும் பட்டை இருக்கு. என் ஆபரேஷன் டேபிள்ல உயிர் போன பசங்க அத்தனை பேரையும் என் மனைவிக்குத் தெரியும். பேர் சொல்லிக் கூப்பிடுறா. எனக்கு முகமே ஞாபகமில்ல."

*

சாட்சி பதிவானது. புதிய தலைவர் வந்தார். ஜவான்களுக்கான திட்டம் மேலும் ஆராயப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்கு அர்த்தம் ஒத்திவைப்பு. ஒத்திவைப்புக்கு அர்த்தம் காலம்தான் சொல்லும். அதிகாரிகளின் திட்டம் தொடர்ந்தது. தூங்கிக் கொடுப்பவர்களுக்குக் கனவு நினைவில் நிற்காமலிருக்க ஒரு மாத்திரை தருகிறார்கள். பூங்கோதை அதை வாங்கி, எல்லார் முன்னாலும் பூந்தொட்டியில் போட்டுவிட்டு வந்ததாகக் கேள்வி. படையணியின் தலைமை வேறொருவருக்குப் போனது. ஹெப்சிபாவை ஓய்வுபெறும்வரை பயிற்சிக் கையேடுகள் திருத்தும் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஒரு பெண்ணால் கடைசிவரை தாங்க முடியவில்லை என்று விருந்துகளில் பேசிக்கொண்டார்கள். எதிர்பார்த்த பேச்சுதான். அதைக் கேட்டுக் கோபப்படக்கூட அவருக்கு அலுப்பாக இருந்தது.

பட்டையைக் கழற்றிய அன்று தணிகைவேல் எச்சரித்தார். "இத்தனை வருஷக் கனவும் ஒரேயடியா உங்ககிட்டத் திரும்பி வரலாம். தயாரா இருங்க."

ஹெப்சிபா தயாராக இருந்தார். சொல்லப்போனால் காத்திருந்தார். ஒன்பது மணிக்குப் படுத்தார். தூக்கம் என்பதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வெகுநேரம் கிடந்தார். பிறகு எப்போதோ தூங்கிப்போனார். கண் திறந்தபோது விடிந்திருந்தது. எதுவும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு மாதம் ஆனது. கைக்குழந்தையைப் போலத் தூங்கினார். ஐவரில் ஒருவன்கூட அவரைத் தேடி வரவில்லை.

தணிகைவேலிடம் கேட்டபோது அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "தூக்கம் திரும்பும்னு தெரியும் மேடம். கனவு யார்கிட்டப் பழகிச்சோ அங்கேயே தங்கிடுது போலிருக்கு. எப்படித் திருப்புறதுன்னு எங்களுக்குத் தெரியாது."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. சமையலறை ஜன்னலில் காலை வெயில். ஞானதுரை அதில் முகத்தைக் காட்டி நின்றபடியே இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. பக்கத்து அடுப்பில் பருப்பு வைத்திருந்த குக்கர் எதிர்பாராமல் விசிலடித்தது. இருவரும் திருடர்கள் போல உறைந்து நின்றார்கள். எதிர்வீட்டுத் திரை ஒருமுறை அசைந்து அடங்கியது.

"விசில் அடிச்சிட்டுல்லா" என்றார் ஞானதுரை. "குக்கர் குண்டு மேல துணியப் போட மறந்துட்டேன். கம்ப்ளெய்ன்ட் வரும்."

"வரட்டும்." ஹெப்சிபா அடுப்பைக் குறைத்தார். "நேத்தும் வந்தாங்களா?"

"வந்தானுவ. தூக்கம் ஒங்கிட்ட வீடு மாறிட்டுன்னு அவனுவளுக்கு யாரு சொல்லுவா?"

"தினமும் நீங்களேதான் பதில் சொல்றீங்களா? அஞ்சு பேருக்கும்?"

"ஆறு."

ஹெப்சிபா திரும்பிப் பார்த்தார்.

"கடேசியா ஒன் பேரும் வரும்" என்றார் ஞானதுரை. "மேஜர் ஹெப்சிபான்னு. ஒருத்தனும் வாயத் தெறக்க மாட்டான். எல்லாவனும் என்னையே பாப்பான். பேரு அந்தரத்துல நிக்கக் கூடாதுல்லா. நாந்தான் சொல்லுவேன்."

கம்பெனியின் வழக்கப்படி, இறந்தவர்களுக்கு மட்டும்தான் இன்னொருவர் பதில் சொல்வார்.

ஹெப்சிபா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "வாசிங்க அத்தான்."

"இப்பமா? மாவு பாதி ஊத்துனபடி கெடக்கு."

"வாசிங்க."

ஞானதுரை கரண்டியைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, நேராக நின்றார். குர்பச்சன் என்றார். ஹெப்சிபா ஆஜர் என்றார். தாமோதரன். தோர்ஜே. பிஷ்ட். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மாரிச்செல்வத்துக்கும் சொன்னார்.

"மேஜர் ஹெப்சிபா" என்றார் ஞானதுரை.

இட்லிப் பானையில் தண்ணீர் தளதளத்தது. ஞானதுரை வழக்கம்போல் தானே சொல்லிவிட வாயெடுத்தார். ஹெப்சிபா கையை உயர்த்தி நிறுத்தினார். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஆஜர்" என்றார்.